ஏழு அர்த்தமும் ஓர் ஊதலும்

பெண் வீட்டு நிச்சய விளக்கை வாயால் ஊதி அணைத்த மாப்பிள்ளை தூத்துக்குடியில் நான் ஒருவன்தான். நான் மறைத்தாலும் வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

அது யுத்த காலம். சாத்தான்குளத்தில் புதிதாக இங்கிலீஷ் வாத்தியார் ஆகியிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர், எந்தச் சொல்லையும் நடித்துக் காட்டித்தான் விளக்குவார். 'ஜம்ப்' என்றால் பெஞ்சு மேலிருந்து குதிப்பார். அந்த வியாதி எனக்கும் தொற்றியிருந்தது.

பெண், துறைமுகத்தில் தோணி வைத்திருந்த முதலாளியின் மகள் தங்கம். திருச்செந்தூர் கோயிலில் அவளைத் தூரத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. இவள் கிடைக்காவிட்டால் சன்னியாசம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். (அப்போது எனக்கு மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை!)

நிச்சயத்தன்று காலை. நடுவீட்டில் ஐந்து முகக் குத்துவிளக்கு எரிகிறது. தட்டு மாற்ற நல்ல நேரம் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று முதலாளி ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். துறைமுகத்தில் கொடுத்த இங்கிலீஷ் உத்தரவு.

"மாப்ள, இதுல 'புட் அவுட்'டுன்னு போட்டிருக்கானே, என்னது அது?"

ராத்திரி கரையோரம் வெளிச்சம் தெரியக் கூடாது, விளக்கை அணையுங்கள் என்ற உத்தரவு அது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தேனா?

"எந்த புட் அவுட்டு மாமா? அதுக்கு ஏழு அர்த்தம் உண்டுலா!" என்று எழுந்துவிட்டேன்.

கூட வந்த என் தாய்மாமன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "ஏலே, உக்காருலே."

கையை நீட்டுவது என்று நீட்டினேன். காப்பித் தம்ளர் பெண்ணின் சித்தப்பா மடியில் கவிழ்ந்தது. நாக்கை நீட்டுவது என்று நீட்டினேன். எதிரே பெண்ணின் அத்தை உட்கார்ந்திருந்தாள். தோணி கரையை விட்டுக் கிளம்புவது என்று துண்டைப் பாயாக விரித்து நடுவீட்டில் ஒரு சுற்று வந்தேன். அடுத்தவர் மனம் நோகச் செய்வது என்பதை மட்டும் நடிக்க வேண்டியிருக்கவில்லை; அத்தையின் முகமே போதுமானதாக இருந்தது. இன்னும் இரண்டு அர்த்தம் எனக்கு மறந்துவிட்டது. அத்தை சாகிறவரை மறக்கவில்லை.

"கடைசியா, இந்த உத்தரவுல உள்ளது..." என்று குனிந்து, 'ப்பூ' என்று ஒரே ஊதல். ஐந்து திரியும் அணைந்தது.

விளக்கை அணைக்க வேண்டுமென்றால் பூவால்தான் மலை ஏற்றுவார்கள். வாயால் ஊதுவதே ஆகாது. அதிலும் நிச்சய விளக்கு!

"அய்யோ முருகா! இந்தச் சம்மந்தமே வேண்டாம்ணேன்!" என்று அத்தை அலறினாள். முதலாளி தாம்பூலத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். என் தாய்மாமன் செருப்பைத் தேடப் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழாவது அர்த்தம் சொல்லாமல் இருந்தால் செத்தா போயிருப்பேன்?

அப்போது உள்ளேயிருந்து தங்கத்தின் குரல் வந்தது.

"யப்பா, சர்க்காரு உத்தரவுதானப்பா? அவிய பகல்லயே அணைச்சுட்டாவ, அவ்வளவுதான்."

முதலாளி முதலில் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தட்டு பழைய இடத்துக்கு வந்தது. தங்கமே வெளியே வந்து விளக்கை மறுபடி ஏற்றினாள். ஏற்றிவிட்டு என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் விளக்கேற்றும்போது எனக்கு நாற்காலி வாசலில்தான். போன மாதம் பேத்திக்கு நிச்சயம். மாப்பிள்ளைப் பையன் மரியாதையாக என் பக்கத்தில் வந்து, "தாத்தா, நீங்க இங்கிலீஷ் வாத்தியாராமே, ஒரு சந்தேகம்..." என்று ஆரம்பித்தான்.

தங்கம் எரிகிற விளக்கை அப்படியே தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.