மாதுளை விழுந்த கடிதம்

காகிதமாகப் பிறந்த எதுவும் கத்தரிக்கோல் டொக்டரிடம் தப்பியதில்லை.

நான் பராமரிப்பாளராக இருக்கும் யூத ஆலயத்துக்குத் தினமும் வருகிற ஓய்வுபெற்ற பல் வைத்தியர் அவர். சட்டைப்பையில் எப்போதும் சின்னக் கத்தரிக்கோல். பஸ் நேர அட்டவணை, பற்பசைப் பெட்டி, எது அகப்பட்டாலும் மடித்து வெட்டி விரிப்பார்; உள்ளே மானும் மாதுளையும் நிற்கும். யூதர்களிடம் இது பழைய கலையாம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. அதனால் நான் நிம்மதியாகப் பேப்பர் வாசிப்பது சனிக்கிழமைகளில் மட்டும்தான்.

அவர் பேசுவது சுவிஸ் ஜெர்மன். என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும்.

போன வருடம் ஆலயச் சபையார் தங்கள் கலைஞர்களின் படைப்புகளைக் கண்காட்சியாக வைக்கத் தீர்மானித்தார்கள். ஓவியங்கள் வந்து குவிந்தன. செயலாளர் அம்மா இவரிடம், "டொக்டர், நீங்கள் விளையாட்டுக்கு வெட்டுறியள். இது கலைக் கண்காட்சியெல்லோ?" என்றார்.

மனுஷன் நேரே என் அறைக்கு வந்து, மேசையில் கிடந்த கடதாசியை மடித்து வெட்டத் தொடங்கினார். நான் தேத்தண்ணியோடு திரும்பினேன்.

"ஐயோ! அது என்ர குடியுரிமை நேர்முகக் கடிதம்!"

விரித்துப் பார்த்தார். என் பெயர் இருந்த இடத்தில் ஒரு மாதுளை. முகவரியில் இரண்டு சிங்கங்கள்.

"பேர் போயிட்டுது," என்றார் மெதுவாக. "ஆனா சிங்கம் வடிவாய் வந்திருக்கு."

"எத்தினை வருசம் காத்திருந்தனான் தெரியுமோ?"

"அப்ப நானும் கூட வாறன்."

வந்தார், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. நகரசபையில் மூன்று பேர் இருந்தார்கள். கடிதத்தை நீட்டினேன். நடுவில் இருந்த அம்மா அதை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெயில் புகுந்து மேசையெல்லாம் மாதுளை.

"ஊர்ச் சங்கங்களில ஏதும் ஈடுபாடு இருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

டொக்டர் முந்திக்கொண்டார். "எங்கட ஆலயத்தின்ர கலை விமர்சகர் இவர்தான். நான் வெட்டுற சிங்கமெல்லாம் பூனை மாதிரிக் கிடக்கெண்டு நாலு வருசமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா கடிதத்தை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். "கவனம், கிழிச்சுப்போடாதேங்கோ."

குடியுரிமை கிடைத்த மறுநாளே கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் செயலாளர் அம்மாவின் மேசையில் வைத்தேன். சட்டத்தைக் கையில் எடுத்தார்.

"இதை எங்க கொழுவுவம்?"

"வாசலுக்கு நேரை," என்றேன்.

திறப்பு விழாவன்று அதற்கு முன்னால்தான் கூட்டம். டொக்டர் தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கேட்டால், தடிமனாம்.

இந்தக் கிழமை அவருக்கு உண்மையாகவே தடிமன். யூதர்களின் உணவு முறைப்படி அவர் வீட்டுப் பாத்திரத்தில்தான் சமைக்க வேண்டும். ஆகவே மிளகையும் உள்ளியையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். ரசத்தை அங்கே போய் வைக்கலாம்.