ஸ்குவாவைப் பார்த்த பதினோரு பேர்

நீங்களே நியாயம் சொல்லுங்கள். நான் கேட்டது ஒரு பறவை. ஒரே ஒரு பறவை!

போன டிசம்பரில் ஒரு சபதம் எடுத்தேன். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஸ்குவாவைப் பார்த்தே தீருவது. அதையும் என் மனைவி பக்கத்தில் இல்லாமல் பார்ப்பது. சபதத்தின் பின்பாதிதான் முக்கியம்.

நான் லிங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவன். பெயர் குணாளன். வாரத்தில் ஆறு நாள் லோரிக்காரர்களோடு தொண்டை வற்றக் கத்துகிறவன். ஏழாம் நாள் எனக்குக் கடல் வேண்டும், மௌனம் வேண்டும், பறவை வேண்டும். இதில் என்ன தப்பு?

மனைவி புஷ்பவள்ளி தோட்டத்துப் பாலர் பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் குரல். அந்தக் குரலுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது.

"புஷ்பா, குளிர்காலம் வந்துருச்சி. ஆலா வர்ற நேரம்."

"எந்த ஆளு?"

"ஆளு இல்ல, ஆலா! கடல் பறவை."

"குளிர்காலம்னு சொன்னீங்களே, அது எங்க வந்துச்சி? ஃபிரிட்ஜைத் தொறந்தாத்தான் இங்க குளிர்காலம்."

"நமக்கு இல்லலா, பறவைங்களுக்கு. வடக்க பனி. அதனால நம்ம கடலுக்கு வருதுங்க. ஆலா பின்னாடியே ஸ்குவாவும் வரும்."

"சுக்கா? இருமலுக்கா?"

"ஸ்கு...வா! ஆலா மீன் பிடிச்சா இது துரத்தித் துரத்தி அதைக் கக்க வச்சுப் பிடுங்கித் தின்னும்."

"ஓ, உங்க அக்கா மாதிரி."

இப்படிப்பட்டவளைத்தான் நவம்பரில் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். மணலில் நாற்பது நிமிடம். முழங்காலால். பல்லி மாதிரி ஊர்ந்தேன். இன்னும் பத்தடி போனால் ஒரு கூட்டம் ஆலாக்கள் என் காமிராவுக்குள் இருக்கும். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"என்னாங்க! செலிப்பரை விட்டுட்டுப் போறீங்க!"

அன்றைக்குக் கிளம்பிய ஆலாக்கள் சுமத்ராவில் போய்த்தான் இறங்கியிருக்கும்.

ஆகவே ஜனவரியில் எங்கள் பறவைக் குழு படகு ஏற்பாடு செய்தபோது நான் ஒரு சின்னப் பொய் சொன்னேன். குழுவை நடத்துபவர் ரஹாங்கில் இருக்கும் மோகனா டீச்சர். அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர்.

"படகு ஃபுல்லு, புஷ்பா. எனக்கே கடைசி இடம்தான் கிடைச்சிச்சு."

"அப்படியா? பாவம் நான்," என்றாள். பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, முகத்தூக்கல் இல்லை. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவன், அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த ஞாயிறு விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஹாஜா மைதீனின் வேன் என்னைத் தாண்டியது. தோட்டத்து மளிகைக்கடைக்காரன். மீன் வாங்க வாராவாரம் போர்ட்டிக்சன் பாசாருக்குப் போவான். ஹார்ன் அடித்தான். நானும் உற்சாகமாகக் கையை ஆட்டினேன்.

யாருக்குக் கையை ஆட்டினேன் என்பது படகுத்துறையில்தான் தெரிந்தது. படகின் முன்வரிசையில், நல்ல இடமாகப் பார்த்து, புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய கூடை.

"வாங்க சார்!" என்றார் மோகனா டீச்சர். "மூணு இடம் காலியா இருந்துச்சு. புஷ்பாவுக்குப் போன் பண்ணேன், உடனே வரேன்னுட்டாங்க. எல்லாருக்கும் நாசி லெமாக் கட்டிக் கொண்டாந்திருக்காங்க!"

படகில் இருந்த பத்துப் பேரும் என் மனைவியைப் புகழ்ந்தார்கள். பதினோராவது ஆளான நான் அவளை முறைத்தேன்.

"படகு ஃபுல்லுன்னீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஃபுல்லு. அப்புறம் காலியாயிருச்சி."

"அப்படியா," என்றாள். மறுபடியும் அதே அப்படியா!

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் முன்னால் என்றால் நான் பின்னால். மீன்பெட்டிகளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் நிழலில், தனியாகப் போய் உட்கார்ந்தேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் காமிரா. வாந்தி வராமலிருக்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை எடுத்தேன்.

"ஒண்ணு போதுங்க! தூக்கம் வரும்!" முன்னாலிருந்து குரல்.

எனக்கு அவள் சொல்வதா? இரண்டாகப் போட்டேன். அவளுக்குத் தெரியட்டும் என்று நன்றாகக் கையைத் தூக்கியே போட்டேன்.

கடல் அமைதியாக இருந்தது. எண்ணெய்க் கப்பல்கள் தூரத்தில் நின்றன. ஒரு மிதவையின் மேல் ஐந்து ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இலையைப் பிரித்து, தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டேன். மிளகாய்ச் சம்பலைக் குறை சொல்ல முடியவில்லை. அதிலும் எனக்குக் கோபம்தான். பிறகு, கண்ணை ஒரு நிமிடம் மூடினால் பார்வை கூர்மையாகும் என்று தோன்றியது.

மூடினேன்.

திறந்தபோது படகுத்துறை தெரிந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். மோகனா டீச்சரின் கண்ணில் தண்ணீர்.

"ஒம்பது வருஷமா வரேன்! இன்னிக்குத்தான் பார்த்தேன்! தலைக்கு மேல ஸ்குவா!"

பத்து நிமிடம் படகைச் சுற்றியதாம். ஆலாவை விரட்டி, மீனைக் கக்க வைத்து, என் தலைக்கு நேர் மேலே பிடுங்கித் தின்றதாம். நான் எங்கே இருந்தேன்? அங்கேயேதான் இருந்தேன்!

"சார், நீங்க பின்னால இருந்தீங்க. உங்களுக்குத்தான் ரொம்பக் கிட்டத்துல தெரிஞ்சிருக்கும், இல்ல?"

கறுப்புக் கண்ணாடியின் அருமை அப்போதுதான் புரிந்தது. நான் தூங்கியது ஒருத்தருக்கும் தெரியவில்லை!

"ஆமா டீச்சர்," என்றேன். "ரொம்பக் கிட்டத்துல."

புஷ்பவள்ளி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அவர் பார்க்காம இருப்பாரா டீச்சர்? அதுக்குன்னே வந்தவரு," என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை! தாலி கட்டியவனைத் தாங்கிப் பிடித்துவிட்டாள் என்று ஒரு கணம் கண் கலங்கினேன். ஏமாளி.

எங்கள் குழு பதிவு செய்யும் முதல் ஸ்குவா அது. அதனால் கிட்டத்தில் பார்த்தவர் விளக்கமாக எழுதி அனுப்ப வேண்டும், ஆண்டு மலரில் பெயரோடு வரும் என்றார் டீச்சர். ஆண்டு மலர்! பெயரோடு! வீட்டுக்கு வந்ததும் பறவைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்னெச்சரிக்கையாக ஒரு கேள்வியும் கேட்டுவைத்தேன்.

"புஷ்பா, நீ போட்டோ கீட்டோ எடுத்தியா?"

"உங்ககிட்ட இருக்கிறதுதான் காமிரா. என் போன்ல எங்கங்க அதெல்லாம் விழும்?"

நிம்மதியாக எழுதினேன். 'வாலின் நடுவே கரண்டி போன்ற இரண்டு நீண்ட இறகுகள் காலை வெயிலில் மின்னின.' புத்தகத்தில் அப்படித்தான் படம் போட்டிருந்தது. புஷ்பா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"கரண்டின்னா எந்தக் கரண்டிங்க? டீ கரண்டியா, சாம்பார் கரண்டியா?"

"ஏன் கேக்குற?"

"படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல."

நியாயமாகப் பட்டது. 'சாம்பார்க் கரண்டி அளவில்' என்று சேர்த்தேன். 'அதன் கண்ணும் என் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன' என்றும் சேர்த்தேன். அது என் சொந்தக் கற்பனை. குழுவின் வாட்சப்பில் அனுப்பினேன். கைதட்டல்கள் குவிந்தன.

காப்பி ஆறவில்லை. அடுக்களையிலிருந்து அவளும் எதையோ அனுப்பினாள்.

போட்டோ. அருமையான போட்டோ. பழுப்பு நிறப் பறவை சிறகை விரித்து ஆலாவின் மேல் பாய்கிறது. வால் மொட்டை. கரண்டியுமில்லை, ஸ்பூனுமில்லை. பறவைக்குக் கீழே நான். தொப்பி சரிந்து, வாய் பிளந்து, வயிற்றின் மேல் நாசி லெமாக் இலை.

மோகனா டீச்சர் எழுதினார்: 'இது இளம் பறவை. இதுக்கு வால் இறகு இன்னும் முளைக்கலை. சார் பார்த்தது வேறயோ?'

அதற்குப் பிறகு ஒருவரும் கைதட்டவில்லை. சிரிக்கிற முகங்களாக வந்தன. கண்ணில் நீர் வர உருண்டு சிரிக்கிற முகங்கள்.

"துரோகி! போன்ல விழாதுன்னு சொன்ன?"

"விழுமான்னு கேட்டேன். விழுந்துருச்சி."

"எதுக்குடி இப்படிப் பண்ண?"

"படகு ஃபுல்லுன்னு சொன்னீங்களே, அதுக்கு." வெங்காயத்தை உரித்தபடியே சொன்னாள். "கூட வராதன்னு சொல்லியிருந்தா வீட்டுலயே இருந்திருப்பேன். பொய்யி எதுக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்திருந்தால் உங்களிடம் நியாயம் கேட்டிருக்க மாட்டேனே!

போன வாரம் ஆண்டு மலர் வந்தது. அட்டையிலேயே அந்தப் படம். என் வாயும் கலரில். மலரைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன்.

"இனி தோட்டத்துல நான் எப்படித் தலைகாட்டுவேன்? என் பேரு நாறிப்போச்சு!"

"உங்க பேரு வராமப் பார்த்துக்கங்கன்னு டீச்சர்கிட்ட நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்," என்றாள். "கீழ என்ன போட்டிருக்குன்னு படிங்க."

படித்தேன். 'மேலே: இளம் ஸ்குவா. படம்: திருமதி புஷ்பவள்ளி. கீழே: இனம் தெரியவில்லை.'