கமே அம்மையார், பிறப்பு: ஏழாம் ஆண்டு

மனிதனாகப் பிறந்தால் ஒரு பெயர் வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தகராறெல்லாம் என் மனைவி சஹோவுக்கும், பிரசவ வகுப்பில் அவளோடு பாய் விரித்து மூச்சுப் பயிற்சி செய்த மற்ற கர்ப்பிணிகளுக்கும்தான்.

எங்கள் கவாஷிரோ நகரில் இப்போது குழந்தைக்குக் கிழட்டுப் பெயர் வைப்பதுதான் நாகரிகம். பெயரைச் சொன்னதும் ஊறுகாய் ஜாடியும் கூன் முதுகும் கண்முன் வரவேண்டும். ஒருத்தி உமே என்றாள். இன்னொருத்தி அதைவிடப் பழசாகக் கினு என்றாள். மூன்றாமவள், மெய்ஜி மன்னர் காலத்துக்குப் பிறகு எவரும் துணியாத உஷியை, அதாவது மாட்டை, எடுத்து வந்து எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டாள். பௌத்தக் கோவில் இடுகாட்டில் ஒரே கூட்டம். பாதிப்பேர் பூ வைக்க வந்தவர்கள் அல்ல, பெயர் பொறுக்க வந்தவர்கள். சஹோவும் பாசி பிடித்த ஒரு கல்லறைக் கல்லைச் சுரண்டித்தான் 'கமே'யைக் கண்டுபிடித்தாள். கமே என்றால் ஆமை.

"ஆமையா? பொண்ணுக்கா?" என்றேன்.

"ஆயுசு கெட்டி. அதோட அந்த மாட்டுக்காரி மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே!"

மகள் பிறந்தாள். எங்கள் ஊரில் பிறந்த ஆண்டை மன்னர் கணக்கில் எழுதுவோம். இப்போதைய மன்னரின் காலம் ரெய்வா. அதில் இது ஏழாவது ஆண்டு. 'கமே, ரெய்வா ஏழு' என்று நகராட்சியில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சஹோ நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. ஏப்ரலில் வேலைக்குத் திரும்பாவிட்டால் அவள் இடம் போச்சு. ஊரார் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்ள வேண்டுமானால், அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏதாவது ஒரு காப்பகத்தில் இடம் கிடைக்கவேண்டும். விண்ணப்பித்தோம். பதில் வந்தது: 'கமே அவர்களின் கல்வி ஆர்வத்தை நகராட்சி பெரிதும் போற்றுகிறது. எனினும் ஆறு வயதுக்கு மேற்பட்டோரைக் காப்பகத்தில் சேர்க்க விதிகளில் இடமில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஜன்னலுக்குப் பின்னால் ஒகினோ என்ற அதிகாரி இருந்தார். தங்கமான மனுஷர். அதுதான் பிரச்சினையே.

"கமே அம்மா பிறந்தது ஷோவா ஏழு. இப்ப தொண்ணூத்தி மூணு வயசு" என்றார்.

"ஷோவா எங்க தாத்தா காலத்து மன்னராச்சே! நான் ரெய்வான்னுதானே எழுதினேன்?"

"எழுதியிருந்தீங்க. ரெய்வாவுல போய் யாராவது கமேன்னு பேர் வைப்பாங்களா ஐயா? பதட்டத்துல எழுதிட்டீங்கன்னு நாங்களே திருத்திட்டோம். நன்றியெல்லாம் வேண்டாம், எங்க கடமை."

"இதோ, இவதான்யா கமே!" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினேன்.

ஒகினோ எழுந்து நின்று இடுப்பு வளைய வணங்கினார். "சருமத்தைப் பாருங்க, ஒரு சுருக்கம் இல்லை! என்ன சாப்பிடறாங்க?"

"பால்."

"அதான்."

"நாங்க பெத்தவங்க. எங்களுக்கு முப்பத்தொண்ணு. எங்க பொண்ணுக்கு எப்படி தொண்ணூத்தி மூணு?"

"அதையும் கவனிச்சோம். பெத்தவங்களைவிட மகள் மூத்தவங்களா இருக்கறது விதிக்கு முரண். அதனால உங்களைப் பேரனாவும் இவங்களைப் பேரன் சம்சாரமாவும் மாத்தியாச்சு."

"முதல்ல அவ வயசை மாத்துங்க!"

"தாராளமா. அவங்களே தன் வாயால கேட்டுக்கணும்."

"அவளுக்குப் பேச்சே வராதுய்யா!"

"பேச்சு வராதா? ஐயோ பாவம்" என்று பதறிப்போய், முதியோர் நலப் பிரிவிலிருந்து ஓர் அம்மாளை வரவழைத்தார். அந்த அம்மாள் கமேயின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் விசாரணை நடத்தினார்.

"நடப்பாங்களா?"

"மாட்டா."

"பல்லு?"

"ஒண்ணுகூட இல்லை."

"ஒண்ணுக்கு, ரெண்டுக்கு?"

"எல்லாம் டயபர்லதான்."

"குடும்பத்தாரை அடையாளம் தெரியுதா?"

"சில நேரம் என்னைப் பாத்தாலே அழறா."

"காரணமில்லாம கத்துவாங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க!"

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாள் எப்படித்தான் சமாளிச்சீங்களோ!" கமேவுக்கு அங்கேயே உச்ச நிலைப் பராமரிப்புத் தகுதி வழங்கப்பட்டது. காலையில் முதியோர் இல்லத்திலிருந்து வாசலுக்கு வண்டி வரும். குளிப்பாட்டி, குழைந்த கஞ்சி ஊட்டி, கைதட்டிப் பாட்டுப் பாடி, தூங்கவைத்து, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள்.

இந்த அக்கிரமத்தைக் கண்டிக்க வாயைத் திறந்தேன். சஹோ என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"வண்டி ஏப்ரல் முதல் தேதியே வந்துடுமில்லையா?" என்று குழைவாகக் கேட்டாள்.

வந்தது. சஹோவும் வேலைக்குப் போனாள். விஷயம் வெளியே கசியாமல் இருக்குமா? கசியவிட்டதே அவள்தான், மாட்டுக்காரியிடம் பீற்றிக்கொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. அப்புறமென்ன, காப்பகத்தில் இடம் கிடைக்காதவர்கள், கிடைத்தும் வண்டி கிடைக்காதவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் பெயரைக் கிழட்டுப் பெயராக மாற்றக் கிளம்பினார்கள். ஹருதோ கோன்பெய் ஆனான். ரியு தொராகிச்சி ஆனான். ஒகினோ முகம் சுளிக்காமல் ஒவ்வொருவர் வயதையும் திருத்திக் கொடுத்தார். முதியோர் இல்லம் நிரம்பி வழிந்தது. உள்ளே இடமில்லாத நிஜக் கிழவர்கள் பூங்காவில் ஊஞ்சலாடிப் பொழுதைக் கழித்தார்கள். கவாஷிரோ நாட்டிலேயே நீண்ட ஆயுள் கொண்ட நகரம் என்றும், காப்பக இடத்துக்குக் காத்திருக்கும் குழந்தை ஒன்றுகூட இல்லை என்றும் மேயர் மேடை போட்டு அறிவித்தார். நாங்களும் போய்க் கைதட்டினோம்.

மறுவாரம் சஹோவின் காப்பகத்தை மூடிவிட்டார்கள்.

கமேயை இடுப்பில் வைத்துக்கொண்டு சஹோ மறுபடி அதே ஜன்னலுக்குப் போனாள். "என் வேலையில ஏன் கை வெச்சீங்க? இதுக்காகவா நான் இவ்வளவு பாடுபட்டேன்?" என்று குரல் உடைந்து கேட்டாள்.

ஒகினோவுக்கும் கண் கலங்கிவிட்டது. "நாங்க என்னம்மா பண்றது? ஊர்ல குழந்தையே இல்லையே! இந்தக் காலத்துப் பொண்ணுங்க வேலை வேலைன்னு ஓடறீங்க. நாட்டுக்காக ஒண்ணே ஒண்ணு பெத்துக்கிட்டா என்னம்மா?"

கமே வீறிட்டு அழுதாள்.

ஒகினோ சட்டென்று எழுந்து அவளை வணங்கிவிட்டு, சஹோவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாத்தீங்களா? கண்ணை மூடறதுக்குள்ள ஒரு கொள்ளுப்பேரனைப் பாத்துடணும்னு பெரியவங்களே எப்படி ஏங்கறாங்க!"