சிங்கத்தின் பிடரியும் ஆதி வெளிச்சமும்

ஒரு காட்டில், செயற்கைக்கோள் விடுகிற அளவுக்கு மிருகங்கள் முன்னேறியிருந்தன. கக்கூஸ் மட்டும் இன்னும் புதர் மறைவில்தான்.

செயற்கைக்கோளைக் கவனித்துக்கொண்டது பூரணி என்கிற நாரை. பிரபஞ்சம் பிறந்த புதிதில் கிளம்பிய வெளிச்சம் ஆறிப்போய், இன்றும் வானம் முழுக்க இருந்தும் இல்லாத மாதிரி ஒரு கதகதப்பாகக் கிடக்கிறது. அதைப் படம் பிடிப்பதுதான் வேலை. அவ்வளவு மங்கலான ஒன்றுக்காக ஒற்றைக்காலில் காத்திருக்க நாரையை விட்டால் யார் இருக்கிறார்கள்?

முதல் படம் வந்தது. நடுவில் குறுக்கே பளபளவென்று ஒரு பட்டை.

"ராஜா, உங்க பிடரி மாதிரியே இல்ல?" என்றது மந்திரி நரி.

சிங்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "மாதிரி என்னய்யா மாதிரி. என்னோடதுதான்."

உலகம் தோன்றும்போதே ராஜா இருந்தார் என்று காடெங்கும் பேனர் வைத்து, அதற்கொரு விழாவுக்கும் நாள் குறித்தார்கள். "கோள் இன்னும் ஓடட்டும். விழா அன்னிக்கு உத்தரவு போடறேன்" என்றது சிங்கம். பூரணிக்கு வேண்டியதும் அதுதான். உத்தரவு வராவிட்டால் கோளை அணைத்துவிடுவார்கள்.

ஆனால் பூரணி படித்த நாரை. அந்தப் பட்டை நம் விண்மீன் கூட்டத்தின் தூசி. அதை நீக்கினால்தான் பின்னால் இருக்கும் பழைய வெளிச்சம் தெரியும். நீக்கியது. நீக்கிய படத்தையே விழா மேடையில் திரையில் போட்டது.

"என் பிடரி எங்கே?" என்றது சிங்கம்.

"அது தூசி, ராஜா. தொடச்சிட்டேன்."

கடைசி வரிசையில் யானை ஏப்பத்தை அடக்கிக்கொண்டது.

திரையில் மிச்சமிருந்தவை புள்ளிகள். கொஞ்சம் சூடான புள்ளி, கொஞ்சம் குளிர்ந்த புள்ளி, வானம் முழுக்கப் புள்ளி. சிறுத்தை எழுந்து படத்தைப் பார்த்தது. பிறகு தன் விலாவைப் பார்த்தது.

"அப்போ மூத்த குடும்பம் நாங்களா?"

"எங்களுக்கும் புள்ளி உண்டுங்க" என்றது மான். சிறுத்தை திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டது.

சிங்கத்தின் வால் தரையில் அடிக்க ஆரம்பித்தது. நரி பூரணியின் காதருகே வந்தது. "ஏம்மா, எடுக்கத் தெரிஞ்ச உனக்குத் திரும்ப வைக்கத் தெரியாதா?"

பூரணி ஒரு காலைத் தூக்கி யோசித்தது. தூக்கிய காலாலேயே பொத்தானை அழுத்தியது. பிடரி திரும்ப வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக. சிங்கம் உத்தரவில் பாதம் பதித்தது.

கோள் இப்போதும் சுற்றுகிறது. தூசியோடு ஒரு படம் அரண்மனைக்குப் போகும். தூசி இல்லாத படத்தைப் பூரணி தன் கூட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். எப்போதாவது சிறுத்தை வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று எட்டிப் பார்க்கும்.

நீதி: தூசி தட்டுவதற்கு முன், அது யாருடைய பிடரி என்று விசாரித்துக்கொள்ளவும்.