ஆர்.எஸ்.மங்கலத்து ஸ்வெட்டர் மிலிட்டரி

ராமநாதபுரம் மாவட்டத்தில் இதுவரை குளிரில் விறைத்து யாரும் செத்ததில்லை. அதற்கு முழுக் காரணமும் தான்தான் என்று நம்பிய ஒரே மனிதர், எங்கள் வங்கிக் கிளையின் வாசல் காவலர் ஸ்வெட்டர் மிலிட்டரி.

எங்கள் பக்கத்தில் வெறுமனே ‘மிலிட்டரி’ என்று கூப்பிட்டால் டீக்கடையில் நாலு பேர் திரும்புவார்கள். பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் அத்தனை பேர். ‘ஸ்வெட்டர் மிலிட்டரி’ என்றால் ஒருவர்தான். அவருடைய நிஜப்பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஆர்.எஸ்.மங்கலம் கிளையில் பல வருடமாகக் கேஷியராக இருக்கும் நானே அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் சாய்த்து வைத்த இரட்டைக்குழல் துப்பாக்கி. மடியில் நூல்கண்டு, கைகளில் இரண்டு பின்னல் ஊசி. வெளியே சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். இவர் உட்கார்ந்து முழுக்கை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். முதல் தடவை வருகிறவர்கள் வங்கிக்குத்தான் வந்திருக்கிறோமா என்று ஒரு நிமிடம் நின்று போர்டைப் பார்ப்பார்கள். தோட்டா பெல்ட்டில் பாதித் துளைகளில் ஊசிதான் செருகியிருக்கும். கொள்ளைக்காரன் வந்தால் சுற்றி வளைத்துப் பின்னிவிடுவார் என்று நாங்கள் தைரியமாக இருந்தோம்.

எல்லையில் பனிக்காட்டில் வேலை பார்த்தபோது அவருக்கு விரல்கள் மரத்துப்போய், ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாராம். விரலுக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று ஒரு நர்ஸம்மா கையில் ஊசியைக் கொடுத்திருக்கிறார். விரல் சரியாகிவிட்டது. இவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். “இந்த ஊர்ல யாருண்ணே ஸ்வெட்டர் போடப்போறா?”

“உள்ள போயி உக்காருங்க மேடம். பதினோரு மணிக்கு வந்து இதே கேள்வியக் கேளுங்க.”

அப்போதிருந்த மேனேஜருக்கு உடம்பெல்லாம் உஷ்ணம். ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு ரிமோட்டை மேஜைக்குள் பூட்டிவிடுவார். அந்த ஏசியின் வாய் நேராகக் கேஷ் கவுண்டரைப் பார்த்துத்தான் திறந்திருந்தது. பதினோரு மணிக்கு எனக்குப் பல் தந்தியடித்தது. கேள்வியை நான் திரும்பக் கேட்கவில்லை.

“கம்பளின்னு நெனச்சிராதீங்க. இங்கன கம்பளியப் போட்டா ஆளு அவிஞ்சு போவான். இது பருத்தி நூலு. பேங்கு ஏசிக்கும் மார்கழிப் பனிக்கும் இது போதும்” என்பார். உப்பூர்ப் பக்கமிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர், பாதி பின்னிய முதுகை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “கண்ணி ரொம்பச் சிறுசு மிலிட்டரி. இதுல நெத்திலி கூடத் தப்பாதே.”

“தப்பவிடக் கூடாதுல்ல. தப்பவிட்டா அந்த வழியா குளிரு வந்துரும்.”

அவரிடம் இஞ்சு டேப் கிடையாது. டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். அளந்தால் சும்மா இருக்கவும் மாட்டார். மளிகைக்கடைக்காரர் ஒருவர் வயிற்றைச் சுமந்துகொண்டு படியேறினால், “அண்ணாச்சிக்கு நெடுக்கக் கோடு. குறுக்கக் கோடு பக்கமே போயிறாதீங்க, அகலம் ரெட்டிப்பாத் தெரியும்” என்பார். ஒல்லியாக வளர்ந்துவிட்ட ஸ்கூல் வாத்தியாருக்கு அதே குறுக்குக் கோட்டைச் சிபாரிசு செய்வார். கழுத்து குட்டையானவர்களுக்கு வி கழுத்து. நீளக் கழுத்துக்குக் காலர். பிறந்த பிள்ளைக்கு என்றால் தோளில் மூன்று பொத்தான் வைத்துத் திறப்பு விட்டாக வேண்டும். “பச்சப்புள்ளைக்கு ஒடம்பே தலதான மேடம். தலைய நுழைக்கிறதுக்குள்ள அது அழுது ஊரக் கூட்டிரும்.”

வயதானவர்களுக்கு அவர் தலைவழியாக மாட்டுகிற ஸ்வெட்டர் பின்னியதே இல்லை. முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். பொத்தான் ஒவ்வொன்றும் எட்டணாக் காசைவிடப் பெரிதாக இருக்கும். கை மேலே தூக்க முடியாது, விரலுக்குச் சின்னப் பொத்தான் பிடிபடாது என்று அவருக்குத் தெரியும். பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்கள் உயிரோடிருக்கிற சான்றிதழை உள்ளே கொடுத்துவிட்டு, வாசலில் வந்து பொத்தானைப் போட்டு அவிழ்த்துக் காட்டுவார்கள். அதைத்தான் அவர் உண்மையான சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன உருவம் கிடையாது. அது எனக்கும் என் தையல்காரருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை, கவுண்டர் முன்னால் இருபது பேர் நிற்கும்போது, வாசலிலிருந்து குரல் வந்தது. “கேஷியர் மேடத்துக்கு இடுப்போட முடியிற ஸ்வெட்டர் ஆகாது. ரெண்டு விரக்கடை கீழ எறங்கணும். அடர்ந்த கலரு. அப்பத்தான் ஒடம்பு அடங்கித் தெரியும்.” இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்து, சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார்கள். நான் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. நாலாவது வாரம் என் மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. கருநீலத்தில் கையில்லாத ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன அன்று என் கணவர், “நீ எளச்சிட்டியா?” என்று கேட்டார். மறுநாள் காலையில் முதல் வணக்கம் மிலிட்டரிக்குத்தான்.

அடுத்து வந்த மேனேஜர் கறார்ப் பேர்வழி. துப்பாக்கி வேண்டுமா, ஊசி வேண்டுமா, இரண்டில் ஒன்றை முடிவு பண்ணச் சொல்லிவிட்டார். அந்த வாரமே, படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கைப்பையை ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மிலிட்டரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்தினார். ஆள் சிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தார்.

“ஆளு எப்படி இருந்தான்?”

“தோளு பதினாறரை இஞ்சு சார். மாரு முப்பத்திரண்டு. இடது தோளு அரை இஞ்சு எறக்கம். கழுத்து குட்டை.”

“மூஞ்சி?”

“மூஞ்சிக்கு நான் பின்னுறதில்லையே சார்.”

மறுநாள் திருவாடானை பஸ்ஸில் ஏறப்போன ஒருவனை, இடது தோள் இறங்கியிருக்கிறதே என்று ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். பை அவனிடம்தான் இருந்தது. ஸ்டேஷனில் டேப் வைத்து அளந்து பார்த்தார்கள் என்றும், அரை இஞ்சு கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அதில் பாதியை நம்புகிறேன். மேனேஜர் முழுதாக நம்பி, தன் பிள்ளைகள் இருவருக்கும் ஸ்வெட்டர் பின்னச் சொன்னார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் என் அய்யாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அம்மா காலமான பிறகு அய்யா என் வீட்டில்தான் இருந்தார். கண்மாய்ப் பாசனத்தில் நாற்பது வருடம் விவசாயம் பார்த்த உடம்பு. நெல் மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு யாரோடாவது பேசிக்கொண்டே நிற்பார். மூட்டை இருப்பதே அவருக்கு மறந்துபோகும். மதுரையில் ஆபரேஷன் முடிந்து கூட்டி வந்தபோது அவர் பாதிதான் வந்தார்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்து மருந்து ஏற்ற வேண்டும், அதை ஏற்றினால்தான் பிழைப்பு, ஆனால் இந்த உடம்பு அதைத் தாங்காது. ஆறு கிலோவாவது கூட வேண்டும். மூன்று மாதம் தவணை. அய்யாவோ மூன்று வாய்க் கஞ்சிக்கு மேல் தட்டைத் தள்ளிவிடுவார். “போதும்த்தா. இருந்தவரைக்கும் போதும்” என்பார். கஞ்சியைச் சொல்கிறாரா, வேறெதையாவது சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. மின்விசிறி போடாத அறையிலும் அவருக்கு உடம்பு நடுங்கியது.

மிலிட்டரியிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். அய்யாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டார், டீ குடித்தார், போய்விட்டார். பதினைந்து நாளில் பொட்டலம் வந்தது. பச்சை நிறம், முன்பக்கத் திறப்பு, பெரிய பொத்தான். எல்லாம் சரி. அய்யாவுக்குப் போட்டுவிட்டால் வயக்காட்டுப் பொம்மைக்கு மாட்டிவிட்டதுபோல இருந்தது. தோள் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கியது. உள்ளே இன்னொரு அய்யாவை உட்கார வைக்கலாம்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுநாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். “கண்ணாலயே அளக்குறவருன்னு ஊரே சொல்லுது. எங்கய்யாவுக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சாண்ணே?”

அவர் ஊசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஞாயித்துக்கிழம வாரேன் மேடம்” என்றார்.

வந்தார். அய்யா தயாராகக் காத்திருந்தார். பல நாளாக எதற்கும் வாய் திறக்காதவர், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏப்பா, எவனப் பாத்து இத அளவெடுத்த?”

“உங்களத்தான் அய்யா.”

“இது என் அளவா?”

“அளவு சரிதான். ஆளுதான் இன்னும் வந்து சேரல.”

அய்யா அவரையே முறைத்தார். “அப்ப ஒன் சட்டைக்கு நான் ஒடம்பு வைக்கணும்ங்கிற.”

“ஆமாங்கய்யா. நான் பின்னுனத இதுவரைக்கும் பிரிச்சதில்ல.”

 பிறகு அய்யா என் பக்கம் திரும்பி, “ஏத்தா, அந்தக் கஞ்சிய எடுத்தா. மிலிட்டரிக்காரனுக்கு இம்புட்டு வீம்புன்னா நமக்கு இருக்காதா” என்றார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பரீட்சை நடந்தது. மிலிட்டரி வருவார். அய்யா ஸ்வெட்டரைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு நிற்பார். மிலிட்டரி மார்பின் மேல் துணியைக் கூட்டிப் பிடித்து, எத்தனை விரல் தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். முதல் வாரம் ஏழு விரல். அடுத்த வாரமும் ஏழு. அன்று அய்யா மத்தியானம் முட்டை கேட்டார். அதற்கடுத்த வாரம் ஆறு. நடுவில் ஒரு வாரம் திடீரென்று நாலு விரலாக இறங்கிவிட்டது. நான் பாயசம் வைக்கக் கிளம்பிவிட்டேன். மிலிட்டரி மட்டும் ஒருமுறை சுற்றி வந்து முதுகைத் தடவிப் பார்த்தார்.

“உள்ள ரெண்டு பனியன் இருக்கு. கழட்டுங்க அய்யா.”

“மூணு” என்றார் அய்யா, தலையைக் குனிந்துகொண்டு.

எட்டாவது ஞாயிறு மூன்று விரல்தான் தளர்வு. டாக்டரின் எடைமெஷினில் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டியது. மருந்து ஏற்றினார்கள். கஷ்டமான மாதங்கள், அதையெல்லாம் எழுத இஷ்டமில்லை. ஆஸ்பத்திரி ஏசியில் அய்யா அந்தப் பச்சை ஸ்வெட்டரோடுதான் படுத்திருந்தார். முடித்துத் திரும்பி வந்தார். தை மாதத்தில் ஒரு நாள் தானாகவே நடந்து வங்கிக்கு வந்து, மிலிட்டரியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். மிலிட்டரி துணியைப் பிடித்துப் பார்த்தார். கையில் எதுவும் சிக்கவில்லை.  அய்யா டீ வாங்கிக் கொடுத்தார்.

அய்யா போன பிறகு நான் கேட்டேன். “பழைய போட்டோ கூடக் காட்டலையேண்ணே. எங்கய்யா நல்லா இருந்தப்ப எப்படி இருப்பாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மிலிட்டரி முதல் தடவையாகக் கூச்சப்பட்டார். ஊசியை மடியில் வைத்தார். மேடம் என்று கூப்பிடவும் மறந்துவிட்டார்.

“அன்னைக்கு அவரப் பாத்தேன் தாயி. அந்த ஒடம்ப அளக்க எனக்கு மனசு வரல. திரும்பி வந்து ஒன்னப் பாத்துத்தான் பின்னுனேன். அதே தோளு, அதே மாரு. அய்யா ஒடம்பு எங்கயும் போயிரல, கவுண்டருக்குள்ளதான உக்காந்திருக்கு.”

போன வருடம் அவர் ஓய்வுபெற்றுத் திருவாடானைப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார். அய்யா எங்கள் வீட்டில் இருக்கிறார், கஞ்சி சரியில்லை என்று என்னோடு சண்டை போடுகிறார். என்னைக் குண்டு என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. மிலிட்டரி அண்ணனை நினைத்துக்கொண்டு, இந்தத் தோளை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்துகொள்கிறேன்.