முதுகில் ஒட்டிய சிவப்பு அம்பு

“அதனால, உங்க முதுகு இனிமே உங்க சொந்த விஷயம் இல்லம்மா. கம்பெனி விஷயம்.”

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் தர மேலாளர் ரஃபி அகமது இப்படி அறிவித்தபோது, உலகில் வேறெந்த முதுகுக்கும் கிடைக்காத கௌரவம் அமிர்தவள்ளியின் முதுகுக்குக் கிடைத்தது. பதினொரு வருஷமாக, ஒரு கால் குட்டையான ஸ்டூலில் உட்கார்ந்து தோல் தைக்கிறவள் அவள். கேட்டது சாய்மானம் வைத்த நாற்காலி. அவர் கொடுத்தது விஞ்ஞானம்.

அந்தக் கம்பெனியில் குறையுள்ள ஷூவில், குறை இருக்கும் இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு ஒட்டியது எதுவானாலும் அக்கணமே பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. சூப்பர்வைசர் ஷர்மிளா அமிர்தவள்ளியின் ரவிக்கையில், வலிக்கிற இடம் பார்த்து ஓர் அம்பை ஒட்டினாள். முதுகு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது.

எக்ஸ்ரேயில் எலும்பு “நார்மல்”. ஊசி குத்திக் கரண்ட் விட்டுப் பார்த்ததில் நரம்பும் “நார்மல்”. ஸ்கேன் குகைக்குள் அரைமணி நேரம் படுக்க வைத்தார்கள்.

“இன்னாக்கா, உள்ள ரொம்ப வலிச்சுதா?” என்றாள் கூட வந்திருந்த ஷர்மிளா.

“தூங்கிட்டேன். நீட்டிப் படுத்தா வலியே இல்ல.”

ஷர்மிளா படிவத்தைப் புரட்டினாள். “அதுக்கு இதுல கட்டம் இல்லக்கா.”

பிறகு கம்பெனி அமைத்த ஆய்வுக் குழு அவள் வீட்டுத் தலையணை, தண்ணீர்க் குடம், புருஷனின் பைக் சீட் வரை படம் எடுத்து வரவழைத்தது. இறுதிக் கூட்டத்தில் சுழல் நாற்காலிகளில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “முதுகில் குறையில்லை, வலி ஆதாரமற்றது” என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பிஸ்கட் பரிமாறப்பட்டது.

அமிர்தவள்ளி ரவிக்கையிலிருந்த அம்பைப் பிய்த்து, ஸ்டூலில் ஒட்டினாள்.

விதி விதிதானே. ஐந்தே நிமிஷத்தில் இரண்டு பேர் வந்து, ஏன் என்று கேட்காமல், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தையல் நின்றது. லைன் நின்றது. ரஃபி அகமது மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஸ்டூல் ரிப்போர்ட் வர நாலு நாள் ஆகும்மா. அதுவரைக்கும் நின்னுக்கிட்டே தைங்க.”

அமிர்தவள்ளி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் அறையைப் பார்த்தாள்.

“போன வருஷம் உங்களுக்கு முதுகு வலிச்சப்போ, ஒரு டெஸ்டும் எடுக்காம மறுநாளே வாங்கிப் போட்டாங்களே, அந்த நாற்காலிய இப்படிக் கொஞ்சம் தள்ளிட்டு வர்றீங்களா, சார்?”