ரூபி ஜோ கட்டிய கயிறு

கொல்கத்தாவுக்குப் போகும் முட்டை லோடுக்கு ரசீது போட்டுக்கொண்டிருந்தபோது தனப்பிரியாவின் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ரூபி ஜோ ரசிகர் குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள். காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: அவமரியாதை.

"அவமரியாதையா? கயிறு தப்புன்னுதான சொன்னேன்!"

சத்தமாகச் சொல்லிவிட்டாள். எதிர் மேசையில் இருந்த கிருத்திகா நிமிர்ந்தாள்.

"எந்தக் கயிறுடி? யாரு லோடு?"

"ரூபி ஜோ லோடு."

கிருத்திகா தலையில் அடித்துக்கொண்டாள்.

ரூபி ஜோ டால்ட்டன் அமெரிக்கப் பாடகி. கையில் கிடார், காலில் முழங்கால்வரை பூட்ஸ், பாதி பட்டிக்காட்டுப் பாட்டு, பாதி ஆட்டம் போட வைக்கும் மெட்டு. இருவரும் போகும் மாலைநேர ஆங்கில வகுப்பில் 'பாட்டுக் கேளுங்கள், காது பழகும்' என்று சொல்லிக்கொடுத்ததால் தனப்பிரியா தேடிக் கண்டுபிடித்தவள். அவள் பாட்டெல்லாம் லாரி, மண் ரோடு, மாடு, விட்டுவிட்டுப் போன காதலன். நாமக்கல் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவளுக்கு இதில் எதற்கும் அகராதி தேவைப்படவில்லை.

போன மாதம் ரூபி ஜோ தன் வீடியோக்களை எல்லாம் ஒரே தொகுப்பாக வெளியிட்டாள். ஒவ்வொன்றைப் பற்றியும் கருத்து எழுதுங்கள் என்று ரசிகர் குழு கேட்டது. தனப்பிரியா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஒவ்வொரு வீடியோவையும் முதலில் அப்படியே பார்ப்பாள், பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அப்புறம்தான் எழுதுவாள். எழுதியதை நாலு தடவை அழித்துவிட்டு ஐந்தாவது தடவை பதிவிடுவாள். அவள் கருத்துகளுக்கு இதயங்கள் குவிந்தன. 'எங்கள் லாரிப் பெண்' என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, அவளுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. அந்த 'எங்கள்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் சோறு தண்ணீர் இல்லாமல்கூட இருந்திருப்பாள்.

கடைசி வீடியோவில்தான் வந்தது வினை. அதில் ரூபி ஜோ ஒரு பழைய லாரியில் வைக்கோல் கட்டுகளை அடுக்குகிறாள். மேலே பூப்போட்ட போர்வையை விரிக்கிறாள். நீளவாக்கில் ஒரே ஒரு கயிறு போட்டு, ரிப்பன் மாதிரி முடிச்சுப் போட்டுவிட்டு, பாடிக்கொண்டே மலையேறுகிறாள்.

தனப்பிரியா எழுதினாள்: 'பாட்டு அருமை, அழுதுவிட்டேன். ஆனால் கயிறு கட்டியது தப்பு. இரண்டாவது வேகத்தடையில் லோடு சரியும்.'

குழுவின் தலைவி பிரெண்டா, ஓக்லஹோமாக்காரி, பதில் போட்டாள்: 'ரூபி ஜோ பண்ணையில் பிறந்தவள். அவளுக்குக் கயிறு கட்டச் சொல்லித்தர நீ யார்?'

'லாரிப் பெண்' என்று தனப்பிரியா எழுதினாள். அதற்குத்தான் நீக்கம்.

"சரி உடு. தப்புங்கறத எடுத்துட்டுப் பதமாச் சொல்லிப் பாரு" என்றாள் கிருத்திகா.

தனப்பிரியா வேறொரு பெயரில் குழுவுக்குள் நுழைந்து பதமாகச் சொன்னாள். புரியவேண்டுமே என்று படமும் வரைந்தாள். லோடு எந்தப் பக்கம் சரியும் என்று சிவப்பில் ஓர் அம்புக்குறி. அந்த அம்பின் முனை, பாவம், சரியாக ரூபி ஜோவின் தலையில் போய் நின்றது.

'கொலை மிரட்டல்' என்றது குழு. அந்தப் பெயரும் போயிற்று.

"மன்னிப்புக் கேட்டுரு புள்ள" என்றாள் கிருத்திகா.

"எதுக்கு? கண்ணுல பட்டதச் சொன்னதுக்கா? அந்த லோடு உழுகும். நான் சொல்றது தப்புன்னா முதலாளியே சொல்லட்டும்."

முதலாளி சென்னிமலைக்கு ஆறு லாரிகள் சொந்தம். விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "போடு பாக்கலாம், அமெரிக்காக்காரி என்ன லோடு ஏத்தறான்னு."

ஒன்று முடிந்ததும் அடுத்ததையும் போடு என்றார். டீ வந்தது. லாரி எடுக்க வந்த டிரைவர்கள் நின்றார்கள். முழுத் தொகுப்பும் ஓடியது.

"முன் டயரு வழுக்கையாக் கெடக்குது."

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இல்ல பாருங்க."

"ஒத்த லைட்டுல ராத்திரி போறா. நம்மூரா இருந்தா கேசு எழுதியிருப்பான்."

பாதியை விட்டுவிட்டுப் பாதியைப் போடுவது நேர்மையல்ல என்று எண்ணிய தனப்பிரியா, எல்லாக் கருத்தையும் மொழிபெயர்த்து, ரூபி ஜோவின் சொந்தப் பக்கத்திலேயே பதிவிட்டாள். 'நாமக்கல் என்றொரு ஊரே ரூபி ஜோவுக்கு எதிராகக் கிளம்பியிருக்கிறது' என்று பிரெண்டா அறிக்கை விட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. சென்னிமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள எதுக்கு அழுகுது?"

"காதலிச்சவன் உட்டுட்டுப் போயிட்டானுங்க."

"இவ்வளவு பெரிய காடு தோட்டம், லாரி, மாடு கன்னெல்லாம் இருக்குது. உட்டுட்டா போனான்? கிறுக்கன்!" கண்ணாடியை மறுபடி மாட்டினார். "அந்த ஏழாவதா வந்த பாட்ட மறுபடி போடு."

"கயித்தப் பத்திச் சொல்லுங்கண்ணா!"

"கயிறு கெடக்குது போ. மனசு ஒடஞ்ச புள்ளகிட்டப் போயிக் கயித்தப் பத்திப் பேசறயே, உனக்கு ஈவு இரக்கம் இல்ல?"

மறுநாள் காலையில் சென்னிமலை தன் கைப்பேசியை நீட்டினார். தனப்பிரியாவை விலக்கிய குழுவில் அவர் உறுப்பினராகியிருந்தார். அவர் போட்டிருந்த கும்பிடும் கைகளுக்கு பிரெண்டாவே இதயம் கொடுத்திருந்தாள்.

"உன்னையப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கறாங்க. படிச்சுச் சொல்லு, எனக்கு இங்கிலீசு வராது" என்றார்.

தனப்பிரியா படித்தாள். 'அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவளுக்குக் காதுமடல் சுட்டது. இதில் ஒரு பங்கு உண்மை என்பதுதான் உறுத்தியது. அவள் கையால் ஒரு கயிறும் கட்டியதில்லை. வாசலில் நின்ற லாரிகளைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு. அது பொய்யாக இருந்தால்?

பொய்யா மெய்யா என்று பார்த்துவிடுவோம். சென்னிமலையின் கைப்பேசியிலேயே தட்டினாள்: 'ரூபி ஜோ கட்டியபடியே ஒரு வைக்கோல் லோடு கட்டி அனுப்புகிறேன். விழுந்தால் என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டும். விழாவிட்டால் எல்லார் முன்னாலும் நேரலையில் மன்னிப்புக் கேட்கிறேன். இப்படிக்கு, லாரிப் பெண்.'

"என்ன எழுதுன?"

"உங்க லாரியில ஒரு லோடு அனுப்பறோம்னு எழுதுனனுங்க."

"ரூபி ஜோ பேர்லயா?" சென்னிமலை நெஞ்சில் கைவைத்தார். "நாமகிரிப்பேட்டை மாட்டுப் பண்ணைக்கு வைக்கோல் போகோணும். அதையே எடுத்துக்க."

பிரெண்டா ஒப்புக்கொண்டாள். செய்தி ரூபி ஜோவின் காதுக்கும் போய்விட்டது. தொகுப்புக்குக் கருத்து எழுதும் கடைசி நாளன்று நடக்கும் நேரலையில் அவளே உட்கார்ந்து முடிவைக் கேட்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

வைக்கோல் லாரியின் டிரைவர் நாச்சிமுத்து. கேட்டால் பேசுவார், கேட்காவிட்டால் அன்றைக்கெல்லாம் பேசமாட்டார். தனப்பிரியா அவரிடம் வீடியோவைக் காட்டினாள்.

"அண்ணா, இதே மாதிரி கட்டோணும். மேல ஒரே கயிறு. ரிப்பன் முடிச்சு. நான் வீடியோ எடுக்கோணும்."

நாச்சிமுத்து வீடியோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி வீடியோவைப் பார்த்தார்.

"சரிங்கம்மிணி" என்றார்.

அவர் போனதும் கிருத்திகா கேட்டாள், "எதுக்குன்னு அண்ணங்கிட்டச் சொல்லலயா?"

"சொல்லக் கூடாது. சொன்னா நம்ம பக்கம் பரிஞ்சுக்கிட்டு வேணும்னே வண்டிய ஆட்டி ஓட்டிட்டாருன்னு அந்த பிரெண்டா சொல்லுவா. ஓட்டறவருக்கு எதுவும் தெரியக் கூடாது. சோதனைன்னா சோதனை."

"எங்கிருந்து புள்ள உனக்கு இதெல்லாம் தோணுது?"

"யோசிச்சேன்" என்றாள் தனப்பிரியா, கொஞ்சம் பெருமையாகவே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் வந்தபோது லோடு ஏற்றித் தயாராக நின்றது. பூப்போட்ட போர்வைக்குப் பதில் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. கேமராவுக்கு முன்னால் நாச்சிமுத்து ஒரே ஒரு கயிற்றை நீளவாக்கில் இழுத்து, ரெட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி அழகாக ஒரு ரிப்பன் முடிச்சுப் போட்டார். ரூபி ஜோவின் முடிச்சைவிட அது லட்சணமாக இருந்தது.

லாரி கிளம்பியது. பின்னால் கிருத்திகா ஸ்கூட்டரை ஓட்ட, தனப்பிரியா பின்சீட்டில் ஒரு கையில் கைப்பேசியும் இன்னொரு கையில் சிவப்புத் துணியுமாக உட்கார்ந்திருந்தாள். பின்னால் வருகிற வண்டிகளை எல்லாம் சிவப்புத் துணியை ஆட்டித் தள்ளியே வரச் செய்தாள். வைக்கோல்தான் என்றாலும் யார் மேலும் விழக் கூடாது.

புதன்சந்தையில் முதல் வேகத்தடை. லோடு குலுங்கியது, நின்றது.

"ரெண்டாவதுலதான்" என்றாள் தனப்பிரியா.

இரண்டாவது வந்தது. போயிற்று. ரிப்பனின் காது மட்டும் ஆடியது.

"உழுகு, உழுகு..."

"லோடு உழுகோணும்னு வேண்டிக்கிற முதல் புக்கிங் ஆபீசுக்காரி நீதான்" என்றாள் கிருத்திகா.

ஆண்டகளூர் கேட் பக்கம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரி ஒரு பக்கமாகப் படகு மாதிரி சாய்ந்தது. லாரி நிமிர்ந்தது, லோடும் கூடவே நிமிர்ந்தது. ராசிபுரத்தில் ஓர் ஆடு குறுக்கே ஓடி, நாச்சிமுத்து பிரேக்கை ஏறி மிதித்தார். ஸ்கூட்டர்தான் தடுமாறியது. லோடு கோயில் தூண் மாதிரி நின்றது.

நாமகிரிப்பேட்டையில் பண்ணைக்காரர் லோடைச் சுற்றிவந்தார். "ஒரு துரும்புகூட நழுவலயே! யாரு கட்டுனது?"

தனப்பிரியா வீடியோவை நிறுத்தினாள். இத்தனை வருடம் வாசலில் பார்த்ததெல்லாம் பார்வையே இல்லையா? இருந்தும் கயிறு தப்பு என்ற அந்தப் பழைய கருத்தை அவள் அழிக்கவில்லை. லோடு இறக்கும்வரை நிற்காமல் ஸ்கூட்டரில் திரும்பும்போது கிருத்திகா நயமாகக் கேட்டும் அழிக்கவில்லை.

"மன்னிப்புக் கேக்கறேன்னு சொன்னேன், கேப்பேன். அழிக்கறேன்னு சொல்லல."

நேரலை நடக்கும் நாளில் மாலை வகுப்புக்கு லீவு போட்டாள். ஆபீசில் சென்னிமலை வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டோடு தயாராக இருந்தார். சாவியைக் கொடுக்க வந்த நாச்சிமுத்துவையும் பிடித்து உட்கார வைத்திருந்தார். திரையில் பிரெண்டா பெரிய தொப்பியோடு தெரிந்தாள். அவளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ரூபி ஜோ, அங்கே காலை நேரம், தன் வீட்டுச் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். சென்னிமலை எழுந்து நின்று கும்பிட்டார்.

தனப்பிரியா பயண வீடியோவைப் போட்டுக் காட்டினாள். பிறகு எழுந்தாள்.

"லோடு விழும் என்று சொன்னேன். விழவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். விழாதது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கியது என்று சொல்லமாட்டேன். இதைப் பார்க்கிற யாரும் தயவுசெய்து லோடை இப்படிக் கட்டாதீர்கள். பின்னால் வருகிறவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. இதற்காக மறுபடி நீக்குவதானால் நீக்கிக்கொள்ளுங்கள்."

ஆங்கிலத்தில், ஓர் இடத்திலும் திக்காமல் சொல்லி முடித்தாள். பிரெண்டாவின் முகம் தொப்பிக்குள் சுருங்கியது. ரூபி ஜோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"என் வீடியோவை இவ்வளவு உற்றுப் பார்த்தவர்கள் வேறு யாருமில்லை. பிரெண்டா, அந்தப் பெண்ணை உள்ளே விடு" என்றாள்.

சென்னிமலை கைதட்டினார். கிருத்திகா விசிலே அடித்துவிட்டாள். பிரெண்டா வேறு வழியில்லாமல் ஏதோ ஒரு பட்டனை அழுத்தினாள். தனப்பிரியாவின் கைப்பேசி அதிர்ந்தது. மறுபடி அவள் 'எங்கள் லாரிப் பெண்'.

"அந்த டிரைவர் இருக்கிறாரா? அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்றாள் ரூபி ஜோ. "என் ஒரு முடிச்சை மட்டும் நம்பி அவ்வளவு தூரம் ஓட்டினாரே, பயமாக இல்லையா?"

தனப்பிரியா நாச்சிமுத்துவை இழுத்துக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

நாச்சிமுத்து திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பயமெதுக்குங்க? அம்மிணி வாரதுக்கு முன்னாடியே தார்ப்பாய்க்கு அடியில குறுக்கமறுக்க நம்ம கயித்தப் போட்டு இறுக்கிட்டேன். மேல போட்டது சும்மா, அம்மிணி ஆசப்பட்டுக் கேட்டுதேன்னு கட்டுன ரிப்பனுங்க."